மனச்சோர்வு வந்தால் மறதியும் வருமா? மூளைக்குள் என்ன நடக்கிறது?

செபராங் ஜெயாவில் சன்வே கார்னிவல் மாலுக்குப் போய், காரை எந்த மாடியில் நிறுத்தினோம் என்று மறப்பது எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் ஒரே வாட்ஸ்அப் செய்தியை நாலு தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை, தே தாரிக்கா மைலோவா என்றுகூட முடிவெடுக்க முடியவில்லை, இது வாரக்கணக்கில் நீடிக்கிறது என்றால்? வீட்டில் 'சோம்பேறி' என்பார்கள். அது மனச்சோர்வின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

மலேசியாவின் 2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி, 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 10 லட்சம் பேருக்கு மனச்சோர்வு உள்ளது. 2019இல் இது 2.3 சதவீதம்தான்.

"மூளையில் செரோடோனின் குறைஞ்சுபோச்சு" என்ற விளக்கத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். விஷயம் அவ்வளவு எளிதல்ல. லண்டனில் ஜோனா மான்கிரீஃப் குழு பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022இல் எழுதியது. அதற்காக மருந்து வீண் என்று அர்த்தமில்லை. பனடோல் போட்டால் தலைவலி போகிறது. பனடோல் குறைந்ததால்தான் தலைவலி வந்தது என்று யாரும் சொல்வதில்லையே!

அப்படியென்றால் மறதி எங்கிருந்து வருகிறது? நீண்டநாள் மனஅழுத்தத்தில் பலருக்கு கார்டிசால் ஹார்மோன் உயர்ந்தே இருக்கிறது. புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியை அது எளிதில் பாதிக்கும். மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு அந்தப் பகுதி சராசரியாகச் சற்றே சிறுத்திருப்பதை ஸ்கேன்கள் காட்டியுள்ளன. நரம்பணுக்கள் வளர உதவும் பிடிஎன்எஃப் என்ற புரதமும் ரத்தத்தில் குறைகிறது. போதாததற்கு, மனம் ஒரே கவலையைச் சுற்றிச் சுற்றி வரும்போது, கவனிக்கவும் திட்டமிடவும் மூளைக்கு இடமே மிஞ்சுவதில்லை.

பலர் கவனிக்காத ஒன்று: அழுகை நின்று, தூக்கம் திரும்பிய பிறகும் கவனக்குறைவு சில காலம் நீடிக்கலாம். 'நல்லாத்தானே இருக்க, வேலைக்குப் போ' என்று மற்றவர்கள் சொல்வது அப்போதுதான். இதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். தைராய்டு கோளாறு, ரத்தசோகை, பி12 குறைவு ஆகியவையும் இதேபோல் மந்தமாக்கும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் கேட்கலாம்.

அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அங்கே தரப்படும் ஒன்பது கேள்விப் படிவத்தில் ஒரு கேள்வியே கவனம் பற்றியதுதான். பேச யாராவது வேண்டுமென்றால், சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண்: 15555.