உழவு இயந்திரப் பெட்டியோடு செல்லவேண்டிய காப்புச் சாமான்கள்

காலபோக நெல்லை மூடைகளாகக் கட்டிப் பெட்டியில் ஏற்றி முடிப்பதற்குள் பெரும்பாலும் பொழுது பட்டுவிடுகின்றது. இருசில்லு உழவு இயந்திரம் இழுத்துவரும் பெட்டி வயற்பாதையிலிருந்து பெருவீதிக்கு ஏறும்போது முன்னால் ஒரு விளக்கு எரியும். பின்னால் யாதும் இராது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் பின்னே வரும் லொறி ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றரைக் கடந்துவிடும். மண்ணிறச் சாக்குகளைச் சாரதி கண்டுகொள்ளும் வேளையில் எஞ்சியிருப்பது இரண்டு செக்கன் எனின், அத்தூரத்துள் லொறியை நிறுத்துதல் அரிது. மூடைகளின் மேல் ஆட்களும் அமர்ந்திருப்பார்களென்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஆதலின் முதலில் வாங்கவேண்டியது ஒளிதெறிக்கும் சிவப்புப் பட்டியாகும். அதன் விலை ஒரு மூடை நெல்லின் விலைக்கு எவ்வளவோ குறைவானது. பெட்டியின் பின்பலகையில் இரு ஓரங்களிலும் ஒட்டினால், பின்னே வருபவர் பெட்டியின் முழு அகலத்தையும் அறிவர். வைக்கோல் ஏற்றும்போது அது தொங்கிப் பட்டியை மறைத்துவிடுவதுண்டு. சேறு படிந்தாலும் பயனில்லை. புறப்படுமுன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தல் நன்று. இதனோடு மின்கலத்தில் எரியும் சிவப்பு விளக்கொன்றும், ரோச் லைற் ஒன்றும் இருத்தல் வேண்டும்.

இயந்திரம் வழியில் நின்றுவிட்டால், மரக்கொப்பை முறித்து வீதியில் இடுவது வழக்கம். இரவில் அக்கொப்பு எவர் கண்ணுக்கும் புலப்படாது. பின்னர் அதனை அகற்றுவாரும் இலர். மடித்து வைக்கக்கூடிய முக்கோண அடையாளத்தைப் பெட்டிக்கு ஏறக்குறைய 50 மீற்றர் பின்னே நிறுத்துவதே தக்கது.

இயந்திரத்தையும் பெட்டியையும் இணைக்கும் ஆணி தொலைந்தால், கைக்கு அகப்பட்ட கம்பித் துண்டைச் செருகிச் செல்வோர் பலர். பள்ளத்தில் விழுந்தெழும்போது அது மேலெழும்பிக் கழன்றுவிடும். கீழ்ப்புறத்தில் கிளிப் பூட்டக்கூடிய சரியான ஆணியும், மேலதிகமாக ஒன்றும் வைத்திருத்தல் வேண்டும். ரயர் மாற்றுகையில் சில்லுக்கு அடைகொடுக்க மரத்தாலான இரண்டு அடைக்கட்டைகளும், நனைந்த மண்ணில் யக் புதையாதிருக்க ஒரு தடித்த பலகையும் போதும். சரிவான பாதையிலே பெட்டி இயந்திரத்தைப் பின்னின்று தள்ளும்போது, திருப்பும் கைப்பிடியை அமர்த்தினால் இயந்திரம் எதிர்ப்பக்கம் திரும்பும். இதற்கு எச்சாமானும் உதவாது. குறைந்த கியரில் மெல்ல இறங்குவதொன்றே வழி.

புகைக்குழாயின் சூடு வைக்கோலிற் பட்டால் தீப்பற்றக்கூடும். உலர்தூள் நிரப்பிய சிறிய தீயணைகருவி ஒன்றைச் சாரதியின் கைக்கெட்டும் இடத்திற் பூட்டி, அதன் முள் பச்சைப் பகுதியில் நிற்கின்றதா என மாதந்தோறும் பார்க்கவேண்டும். எரியும் டீசல்மீது நீரை ஊற்றலாகாது, மணல் இடலாம். டீசலைக் குழாயால் வாய்வைத்து உறிஞ்சும் பழக்கமோ மிகக் கொடியது. சிறிதளவு நுரையீரலிற் புகுந்தாலும் கடும் நோய் உண்டாகும். கைப்பம்பி ஒன்று பெட்டியிற் கிடந்தால் இப்பழக்கம் தானே ஒழியும். தவறி விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யாது வைத்தியசாலைக்கு அனுப்புக.

ஐந்து லீற்றர் நன்னீர் எப்போதும் இருத்தல் அவசியம். கிருமிநாசினி கண்ணிற் தெறித்தால் உடனே 15 நிமிடமேனும் ஓடும் நீராற் கழுவவேண்டும். ஒரு கலன் போதாது, எனினும் கிணற்றை அடையும்வரை அது உதவும். துப்புரவான துணிச்சுருள்கள் சிலவும், கையளவு நீளமான இரு மரச்சட்டங்களும் மருந்துப் பெட்டியில் இடம்பெறட்டும். இரத்தம் பெருகும் காயத்தைத் துணிவைத்து விடாது அழுத்தவேண்டும். பாம்பு தீண்டிய காலை அச்சட்டங்களோடு சேர்த்து அசையாது கட்டலாம். கயிற்றால் இறுக்குதலும், கீறுதலும், உறிஞ்சுதலும் தீமையே பயக்கும். தீண்டப்பட்டவரை நடக்கவிடாது விரைவில் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.

இவை யாவற்றையும் மூடியுள்ள ஓர் இரும்புப் பெட்டியிலிட்டு ஆசனத்தின் கீழ்ப் பூட்டிவைக்கலாம். கிருமிநாசினிப் போத்தல்களை அதனுள் வைத்தலாகாது. 2016 ஆம் ஆண்டு தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிவாக்கப்பட்ட இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கமாகிய 1990, பொலிஸ் அவசர இலக்கமாகிய 119 ஆகியவற்றை மூடியின் உட்புறத்தில் வண்ணத்தால் எழுதிவிட்டால், கூலிக்கு வந்த சாரதியும் தேடவேண்டியதில்லை.