பழைய மோட்டாரில் கால் வைக்கும் இடம்



ஜார்ஜ்டவுன் வீதியில் பழைய ரோல்ஸ்ராய்ஸ் வண்டி ஒன்று போனால், அதன் பளபளப்பைத்தான் நாம் பார்க்கிறோம். ஓட்டுகிறவர் கால் வைக்கும் இடத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்கு முன் அந்த நிறுவனம் எஞ்சின் பூட்டிய அடிச்சட்டத்தை மட்டுமே விற்றது. மேற்கூட்டைக் கட்டியவர்கள் ஹூப்பர், பார்க்கர் போன்ற வேறு பட்டறையினர். ஆகவே ஒரே ரக வண்டிகள் இரண்டில்கூட இருக்கை உயரமும் தரைப்பலகையின் சாய்வும் ஒன்றாக இருப்பதில்லை. முதலாளி அமரும் பின்புறம் தாராளமாக இருக்கும். முன்னால் ஓட்டுநருக்கு மிச்ச இடந்தான். கியர் கம்பும் கைபிரேக்கும் பெரும்பாலும் அவருக்கு வலப்புறம், கதவை ஒட்டி நிற்கும்.

நம் ஊர்க் கடற்காற்றின் ஈரத்தில் மரப்பலகை உப்பும். அழகுக்காகத் தடித்த கம்பளமும் விரித்துவிடுவார்கள். அதனால் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள்.

பள்ளியில் அடிக்கோலையும் பென்சிலையும் வைத்து நெம்புகோல் பாடம் நடத்துவோம் அல்லவா? பிரேக் மிதியும் ஒரு நெம்புகோலே. அது சுழலும் அச்சிலிருந்து பாதம் படும் இடம் 12 அங்குலம், இழுகம்பி பூட்டிய இடம் 3 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பாதம் 4 அங்குலம் இறங்கினால் கம்பி 1 அங்குலம் நகரும். கம்பளம் 1 அங்குலத்தைத் தின்றுவிட்டால், கம்பி முக்கால் அங்குலமே நகரும். சமதரையில் இந்தக் குறை தெரியாது. பாலிக் பூலாவ் மலைச்சாலையில் இறங்கும்போது தெரியவரும்! கிளட்ச் மிதியின் தண்டு உப்பிய பலகையில் உரசினாலோ, மிதி முழுவதும் மேலே திரும்பாது. கிளட்ச் வழுக்கிக் கருகும்.

இதைச் சரிசெய்ய ஒரு வரிசை உண்டு. முதலில் எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கம்பளத்தை எடுத்துவிட்டு மிதிகளை அழுத்திப் பாருங்கள். தடை நீங்கினால், மிதிகளைச் சுற்றிக் கம்பளத்தை வெட்டி, ஓரங்களை நகராமல் பொருத்துங்கள். இரண்டாவது, தொடை ஸ்டியரிங்கில் இடித்தால் இருக்கை மெத்தையின் தடிப்பைக் குறையுங்கள். மூன்றாவது, பலகை தடுத்தால் அட்டையில் அளவெடுத்துப் புதுப்பலகை செய்து, துளையைச் சற்று அகலமாக்கி, ஓரங்களுக்கும் சாயம் பூசுங்கள். பழைய பலகையை எறியாமல் வையுங்கள். அது வண்டியின் வரலாறு. இவற்றுக்குப் பிறகே, அனுபவமுள்ள மெக்கானிக்கைக் கொண்டு இழுகம்பியின் நீளத்தைத் திருத்த வேண்டும். மிதியை வளைப்பதும் பற்றவைப்பதும் கூடாது. அந்த இடம் பலவீனப்பட்டு, அவசர வேளையில் முறியலாம்.

சிலிப்பர் அணிந்து ஓட்டாதீர்கள். அது மிதிக்கடியில் சிக்கும். இன்னொரு எச்சரிக்கை: 1920களின் பென்ட்லி வண்டிகளில் வேகமிதி நடுவில், கிளட்சுக்கும் பிரேக்குக்கும் இடையில் இருந்தது. பழக்கமில்லாதவர் பிரேக் என்று நினைத்து அதை அழுத்திவிடுவார். நின்ற வண்டியில் காலைப் பழக்கிக்கொண்ட பிறகே சாலைக்குச் செல்ல வேண்டும்.

மேற்பூச்சு மங்கினால் மறுபடியும் பூசலாம். மிதி ஒரு முறை தவறினால் போன உயிர் திரும்பாது.