ஒரு கதவுப் பலகையில் நானூறு மீற்றர்

எழுபது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியன் ஒருவன், பட்டப்பகலிலே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பொம்மைப் புகைவண்டி கட்டுகிறான் என்று கேள்விப்பட்டால் ஊரார் நகைப்பது இயல்பே. என் செய்தியும் அவ்வாறே ஊரிற் பரவியது. மாஸ்ரருக்கு இரண்டாம் பிள்ளைப் பருவம் வந்துவிட்டது என்று சந்தையில் ஒருவர் கூறியதாக என் மனைவி வந்து சொன்னாள். மறுப்பதற்கில்லை. ஆயினும், முதலாம் பிள்ளைப் பருவத்தில் எனக்குப் பொம்மைப் புகைவண்டி எதுவும் வாய்க்கவில்லை என்பதையும், எங்கள் வளவு வேலிக்கு அப்பால் உண்மைப் புகைவண்டியே ஓடியமையால் அத்தகைய பொம்மைக்குத் தேவை ஏற்படவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்க விரும்புகிறேன். நாங்கள் அதனைக் 'கோச்சி' என்றோம். கோச்சி வரும் நேரத்தைக் கொண்டே ஆச்சி உலை வைப்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஜேர்மனியிலிருந்து விடுமுறையில் வந்த என் மகன், சப்பாத்துப் பெட்டியினும் சிறிய பெட்டியொன்றை என் கையில் வைத்தான். உள்ளே என் சுண்டுவிரலளவான இயந்திரம் ஒன்று, அதற்கேற்ற பெட்டிகள் மூன்று, வட்டமாகப் பூட்டத்தக்க தண்டவாளத் துண்டுகள் சில. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சக்கரங்கள் உண்மையாகவே சுழன்றன. உண்மைப் பொருளின் 220இல் ஒரு பங்கு என்றான் மகன். தண்டவாளங்கள் இரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் ஆறரை மில்லிமீற்றர்.

இவ்வளவைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஜேர்மனியின் கோப்பிங்கன் நகரத்து மார்க்லின் நிறுவனத்தார். 1859இல் பிள்ளைகள் விளையாடும் தகரச் சமையற் சாமான்கள் செய்து தொழில் தொடங்கியவர்கள், பின்னர் புகைவண்டிக்கு வந்தனர். அக்காலத்துப் பொம்மை வண்டிகள் பெரியவை. மாளிகைக் கூடங்களுக்கே ஏற்றவை. வீடுகள் சிறுக்கச் சிறுக்க வண்டிகளும் சிறுத்தன. பதினாறரை மில்லிமீற்றர்ப் பாதை வந்தது. 1960களில் ஒன்பது மில்லிமீற்றர்ப் பாதை வந்தது. 1972இல் ஆறரை மில்லிமீற்றர்ப் பாதையை வெளியிட்ட மார்க்லின் நிறுவனத்தார், இனி இதனிற் சிறியது பிறக்கப்போவதில்லை என்ற துணிவில், ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்தாகிய 'இசட்' என்பதையே அதற்குப் பெயராக இட்டனர். முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. 2007இல் யப்பானிலிருந்து மூன்று மில்லிமீற்றர்ப் பாதை, 450இல் ஒரு பங்கு அளவுடன் விற்பனைக்கு வந்துவிட்டது. கடைசி எழுத்தை முன்கூட்டியே செலவிடலாகாது போலும்!

மகன் தந்த வண்டி மேசைமீது நாலு நாள் வட்டமடித்தது. ஐந்தாம் நாள் எனக்கு அலுத்துவிட்டது. வெறும் மேசையைச் சுற்றும் வண்டிக்கு ஓர் ஊர் வேண்டுமென்று தோன்றிற்று. எந்த ஊர் என்பதில் ஐயமே எழவில்லை. யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையேயுள்ள சிறு நிலையங்களுள் ஒன்று அது. பெயரைச் சொல்லேன், சொன்னால் எங்களூரவர் நூறு திருத்தங்களுடன் படலையைத் திறந்துகொண்டு வருவர்.

1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின் நாங்கள் திரும்பி வந்தபோது, வீட்டில் முழுதாக எஞ்சியிருந்தவை சிலவே. அவற்றுள் ஒன்று பின்னறைக் கதவு. ஆறடி நீளம், இரண்டரையடி அகலம். அதைக் கிடையாக வைத்துக் கணக்குப் பார்த்தேன். ஆறடியை 220ஆல் பெருக்கினால் நானூறு மீற்றர் வருகிறது. அதாவது, நிலைய மேடை, நிலைய அதிபரின் அறை, கடவை, இருபுறமும் பனங்கூடல், அதற்கப்பால் ஒரு புகையிலைத் தோட்டம், யாவும் சுருக்கமோ வஞ்சகமோ இன்றி ஒரு கதவுமீது அடங்கும். பதினாறரை மில்லிமீற்றர்ப் பாதையை நாடியிருப்பேனாயின் மேடையும் கடவையும் வைத்ததும் கதவு முடிந்திருக்கும். மிகச் சிறிய அளவின் பெருமை இதுவே. பொருள் சிறுக்கிறது, ஊர் பெரிதாகிறது.

பெருமையைச் சொன்னவன் சிறுமையையும் சொல்லவேண்டும். எல்லாவற்றையும் 220ஆல் வகுத்தால் வேலை முடிந்தது என்று எண்ணியிருந்தேன். வகுபடாத பொருள்களும் உலகில் உள என்பதைக் கணித ஆசிரியனாகிய நான் இந்த வயதிலேதான் கற்றேன்.

முதலில் பாதை. இலங்கையின் அகலப் பாதை ஐந்தடி ஆறங்குலம், 1676 மில்லிமீற்றர். 220ஆல் வகுத்தால் ஏழரைக்குச் சற்று மேல். கடையில் விற்கும் பாதையோ ஐரோப்பிய அளவுக்குச் செய்தது, ஆறரை. ஒரு மில்லிமீற்றர்தானே என்று விடலாமா? உண்மை நிலத்தில் அது கால் மீற்றர்! யாழ்தேவியை ஒடுங்கிய பாதையில் ஏற்றும் குற்றம் மனத்தை உறுத்தியது. பாதையையும் சக்கரத்தையும் நானே செய்யும் கைத்திறன் எனக்கில்லை. குற்றத்துடனேயே வாழ்கிறேன்.

அடுத்தது பாரம். நீளம் 220 மடங்கு குறையும்போது, பருமன் 220ஐ மூன்றுமுறை பெருக்கிய அளவுக்குக் குறைகிறது; ஒரு கோடியே ஆறு இலட்சத்துக்கும் மேல். நூறு தொன் இயந்திரம் ஒன்பது கிராமாகிவிடும். ஒன்பது கிராம் இயந்திரம் பெட்டிகளை இழாது, வழுக்கும். தண்டவாளத்தை அழுத்திப் பிடியாமையால் மின்சாரத்தையும் சரிவரப் பெறாது. ஆகவே பாரம் கூட்டவேண்டும். யாழ்தேவியை இழுத்த, கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா தந்த டீசல் இயந்திரத்தின் உருவை விசிற்றிங் காட் அட்டையில் வெட்டி ஒட்டி, அதன் வயிற்றில் மீன்வலைக்குக் கட்டும் ஈயத்தை நசுக்கி வைத்தேன். அதன் பின்பே அது நடக்கப் பழகியது.

தூசியும் சுருங்குவதில்லை. வலிகாமத்துச் செம்மண் தூசிக்கு 220 என்ற எண் தெரியாது. தண்டவாளமே மின்கம்பியாதலால், ஒரு துகள் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே புகுந்தால் யாழ்தேவி நின்றுவிடும். ஒரு நாள் நடுப்பாதையில் வண்டி தடம்புரண்டது. உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு தேடினேன். என் தலைமயிர் ஒன்று! அவ்வுலகின் அளவில் அது விரற்பருமனான கயிறு.

மனிதரின் கதை வேறு. நடுத்தர உயரமுடையவர் ஏழரை மில்லிமீற்றர். ஓர் அரிசிமணிக்குச் சற்றுக் கூடுதல். முகமில்லை, விரலில்லை. வெள்ளைப் புள்ளி வேட்டியாகிறது, கறுப்புப் புள்ளி குடையாகிறது. ஆனால் பனைகள் வாய்த்தன! அறுபத்தைந்தடிப் பனை இவ்வளவில் ஒன்பது சென்ரிமீற்றர். அதன் அடிமரமோ இரண்டு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அது சரியாக ஒரு தென்னீர்க்கின் பருமன். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவி, தலையில் தும்பை ஒட்டிச் சாயமிட்டேன். இதுவரை 140 பனைகள் நிற்கின்றன. விளக்குமாறு மெலிந்துகொண்டு போவதை மனைவி கவனித்திருக்கிறாள், இன்னும் கேட்கவில்லை.

ஈர்க்கு என்றதும் பழைய வகுப்பறை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1902இல் எங்கள் குடாநாட்டில் ஓடத் தொடங்கி, 1905இல் கொழும்புடன் இணைந்த பாதை, 1990 யூனில் நின்றது. பின்பு தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. எஞ்சியது கல்லும் புல்லும். அவ்வாண்டுகளில் நான் படிப்பித்த பாடநூலிலோ புகைவண்டிக் கணக்குகள் அப்படியே இருந்தன. 200 மீற்றர் நீளமான புகைவண்டி மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு பாலத்தைக் கடக்கிறது. எடுத்த நேரம் என்ன? பிள்ளைகள் விடையைச் சரியாகச் சொல்வர். புகைவண்டியைக் கண்டவர் வகுப்பிற் சிலரே. கண்டவர்க்கும் அது சிறுவயதுக் காலத்துக் காட்சி.

1993 அல்லது 1994 ஆக இருக்கலாம். பின்வாங்கில் இருந்த பையன் ஒருவன் எழுந்தான். "சேர், வளைவில ரெயினை ஆர் திருப்புறது? அதுக்குச் சுக்கான் இருக்கோ?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, அதனைப்போல நல்ல கேள்வியை அவ்வாண்டு எவரும் கேட்கவில்லை.

புகைவண்டிக்குச் சுக்கான் இல்லை. சக்கரத்தின் விளிம்புத் தட்டே அதைத் திருப்புகிறது என்று பலரும் நம்புகின்றனர். அது கடைசிக் காவல் மட்டுமே. சக்கரத்தின் உருளும் பரப்பு நேராக இல்லை. உட்புறம் பருத்து வெளிப்புறம் சிறுத்து, கூம்பின் துண்டுபோல் இருக்கும். இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பூட்டியவை. வளைவு வந்ததும் அச்சுச் சிறிது வெளிப்பக்கம் நகரும். வெளிச் சக்கரம் தன் பருத்த பகுதியாலும், உட்சக்கரம் சிறுத்த பகுதியாலும் உருளும். ஒரே சுழற்சியில் வெளிச் சக்கரம் கூடுதலான தூரம் செல்வதால் வண்டி தானாகவே திரும்பும்.

சொல்லால் விளங்காது. மின்சாரம் இல்லை, தடைசெய்யப்பட்ட பொருள்களுள் மின்கலமும் ஒன்று, விளையாட்டுச் சாமானுக்கு எங்கே போவது? மறுநாள் இரண்டு நீண்ட ஈர்க்குகளை மேசையில் வளைத்து மெழுகால் ஒட்டினேன். பழைய கொப்பித் தாளில் இரண்டு கூம்புகள் செய்து, அடியோடு அடி சேர்த்து ஒட்டி, ஈர்க்குகளின்மேல் வைத்துத் தள்ளினேன். கூம்பு வளைவோடு வளைந்து சென்றது. நேரான உருளையொன்றையும் தள்ளிக் காட்டினேன். அது வளைவை மதியாமல் விழுந்தது. அந்தப் பையன் பாடம் முடிந்த பின்னும் நின்று, பத்துப் பதினைந்து தடவை அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "அப்ப பெரிய ரெயினும் இப்பிடித்தானோ சேர்?" என்றான். ஓம் என்றேன். பாதை திரும்ப வந்ததும் உன்னைக் கூட்டிப்போய்ச் சக்கரத்தைத் தொட்டுக் காட்டுகிறேன் என்றும் சொன்னேன். ஆசிரியர்கள் இவ்வாறு பலதும் சொல்வதுண்டு.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓர் இரவில் எழுந்து நடந்தது. அவ்வகுப்பு மீண்டும் ஒன்றாக அமரவில்லை. சிலர் வன்னிக்கும், சிலர் கொழும்புக்கும், சிலர் கடல் கடந்தும் போயினர். சிலரின் கடிதம் வந்தது. அவனுடையது வரவில்லை. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குப் புகைவண்டி மீண்டும் வந்த வேளையில், நெரிசலிடையே நானும் நின்றேன். மேடையில் நின்ற நாற்பது வயதை நெருங்கும் ஆண்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் காங்கேசன்துறை வரையும் பாதை திறந்தது.

இப்போது கதவுப் பலகையில் நேர்ந்திருப்பதைக் கேளுங்கள். முழு வட்டமாக ஓடவேண்டுமாகையால் இரு முனைகளிலும் வளைவு வைத்தேன். ஆரை 220 மில்லிமீற்றர். உண்மையில் 48 மீற்றர். இத்தகைய கொடுவளைவில் எந்தப் பெரும் புகைவண்டியும் செல்லாது. கூம்பின் உபாயம் இவ்விடத்திற் செல்லுபடியாகாது. என் யாழ்தேவியைத் திருப்புவது விளிம்புத் தட்டேதான். அதுவும் அளவுக்கு மீறித் தடித்த தட்டு. அன்று ஈர்க்கும் தாளும் காட்டிய உண்மையை, ஜேர்மனியப் பொறி காட்டமாட்டாது! பனங்கூடலை வளைவுகளின் மேலேயே நெருக்கமாக நட்டு அந்தப் பொய்யை மறைத்திருக்கிறேன்.

எந்த ஆண்டைக் கட்டுவது என்பதும் இலேசில் முடியவில்லை. அந்தப் பையன் அறிந்த ஆண்டைக் கட்டினால் பாதையே இராது. புல்லும் கல்லும் வைத்துவிட்டு எழும்பவேண்டியதுதான். புதிய நிலையத்தைக் கட்டலாமென்று ஒரு காலை போய், மேடையை எட்டு வைத்து அளந்தேன். 180 எட்டு வந்தது. அங்கிருந்த உத்தியோகத்தர், ஐயா எதையும் தொலைத்துவிட்டீர்களா என்று அன்புடன் கேட்டார். விளக்குவது கடினமாயிருந்தது. முடிவில், எனக்குத் தெரிந்த 1964ஆம் ஆண்டையே எடுத்துக்கொண்டேன்.

அங்கேதான் என் அண்ணர் நுழைந்தார். என்னிலும் ஆறு வயது மூத்தவர். கொழும்பில் எழுதுவினைஞராயிருந்து, மாதந்தோறும் யாழ்தேவியில் வந்து போனவர். கண் மங்கிவிட்டது, நினைவு மங்கவில்லை என்பது அவருடைய கட்சி. மேடைக்குப் பின்னே நான் நடவிருந்த வேப்பமரத்தைப் பற்றிச் சொன்னதும் தடியை ஊன்றி நிமிர்ந்தார்.

"வேம்போ? ஆர் சொன்னது? அது நாவல் மரம் தம்பி. சந்தியா விழுந்த பழத்திலை என்ரை வெள்ளைச் சேட்டுப் பழுதாப் போனது உனக்குத் தெரியாதே?"

எனக்கு வேப்பம்பூ உதிர்ந்த வாங்கு நினைவிருக்கிறது. அண்ணர் முதன்முதல் உத்தியோகத்துக்குப் போன நாளில் அம்மா அந்த வாங்கில் இருந்து அழுதார். அவர் மடியெங்கும் பூ. அண்ணருக்கு அது நினைவில்லை. அவர் வண்டிக்குள் ஏறிவிட்டார். அவருடைய சேட்டுக் கறை எனக்கு நினைவில்லை. நிழற்படம் ஒன்றும் கிடையாது. இருந்தவை வீட்டோடு போயின. நிலையத்து மரமும் இல்லை. மனத்தில் இரண்டு மரங்களும் அறுபது ஆண்டுகள் பிணக்கின்றி நின்றிருக்கின்றன. பலகையில் ஒரு மரத்துக்கே இடம்.

அண்ணரால் இந்த மரத்தைக் காணவும் முடியாது. ஆறு சென்ரிமீற்றர் மரத்தில் இலை எதுவென அவர் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. தொட்டுப் பார்த்தால் ஒடிந்துவிடும். ஏதாவது ஒன்றை நட்டுவிட்டு நாவல் என்று சொல்லிவிடு என்கிறாள் மனைவி. அதற்கு மனம் வரவில்லை.

சென்ற கிழமை அவர் வந்தபோது வண்டியை ஓட்டிக் காட்டினேன். மணிக்கு 60 கிலோமீற்றரென்றால் என் கதவில் வினாடிக்கு ஏழரைச் சென்ரிமீற்றர். கதவின் நீளத்தைக் கடக்க இருபத்துநாலு வினாடி. அவர் காதைப் பலகைக்கு அருகில் வைத்துக் கேட்டார். வண்டி பனங்கூடலுக்குள் புகுந்து மறுபக்கம் வந்து மேடையில் நின்றது. "கடவைக்குக் கிட்டச் சத்தம் மாறுது" என்றார். உண்மை, அவ்விடத்தில் ஒரு தண்டவாள இணைப்புச் சற்றுத் தளர்ந்திருந்தது. அதை நான் அதுவரை கவனிக்கவில்லை. அன்றிரவே திருத்தினேன்.

கடவைப் படலை இன்னும் செய்யவில்லை. கைகாட்டி மரம் பாதியில் நிற்கிறது. வாங்கு வைத்தாயிற்று, அதன் பின்னே, மரத்துக்கென ஒரு துளையும் இட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அண்ணர் மறுபடியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.