செக் இன்ஜின் லைட் எரியுதா? ஸ்கேனரில் 'பி0171' காட்டுதா? சென்சாரை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

ஆலங்குளத்தில் இருந்து சிவகாசிக்கோ ராஜபாளையத்துக்கோ தினமும் போய் வரும் பழைய பெட்ரோல் கார் அது என்று வைத்துக்கொள்வோம். ரயில்வே கேட்டில் நிற்கும்போது இன்ஜின் குலுங்குது. லாரியை ஓவர்டேக் எடுக்கப் போனால் பிக்கப் இல்லை. மீட்டரில் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் படம் போட்ட விளக்கு.

ஸ்கேனர் மாட்டிப் பார்த்தால் 'பி0171, சிஸ்டம் டூ லீன்' என்று வருகிறது. "ஆக்சிஜன் சென்சார் போச்சு, மாத்திடலாம்" என்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய் கொடுத்து மாற்றினால், நாலே நாளில் மறுபடியும் அதே விளக்கு! ஏன் இப்படி நடக்கிறது?

'லீன்' என்றால் என்ன?

பெட்ரோல் முழுதாக எரிய, 1 கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கணக்கில் காற்று கூடினாலோ பெட்ரோல் குறைந்தாலோ அதுதான் 'லீன்'. பெட்ரோல் கூடினால் 'ரிச்'.

சைலன்சர் பாதையில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், புகையில் மிச்சம் இருக்கும் ஆக்சிஜனை அளந்து இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. ஆக்சிஜன் அதிகம் என்றால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். இந்தத் திருத்தத்துக்குப் பெயர் 'ஃபியூயல் ட்ரிம்'. கூட்டிக் கூட்டி, பல கார்களில் சுமார் 20 முதல் 25 சதவீதம் வரை போயும் சரியாகவில்லை என்றால்தான் விளக்கு எரியும்.

அதாவது, சென்சார் இங்கே புகார் கொடுத்தவர். குற்றவாளி பெரும்பாலும் வேறு ஆள். தெர்மாமீட்டரை மாற்றினால் காய்ச்சல் போய்விடுமா?

இ20 பெட்ரோலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஆனால் பலரும் நினைப்பது போல அல்ல. எத்தனால் எரிய அதன் எடையைப் போல சுமார் 9 மடங்கு காற்று போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தேவை சுமார் 13.5 மடங்கு. ஆகவே இ10 பெட்ரோலில் ஓடிய அதே இன்ஜின், இ20 போட்டால் அதே காற்றுக்குச் சுமார் 4 சதவீதம் கூடுதல் எரிபொருள் கேட்கும். எத்தனால் கலக்காத பெட்ரோலோடு ஒப்பிட்டால் 9 சதவீதம் வரை.

நல்ல நிலையில் இருக்கும் கார் இதைத் தானாகச் சமாளித்துவிடும். இ20 மட்டுமே காரணமாக இந்தக் கோடு வருவது அரிது. ஆனால் ஏற்கெனவே ஒரு ஹோஸில் சின்ன விரிசல் இருந்து, கம்ப்யூட்டர் 15 சதவீதம் கூட்டிக்கொடுத்துச் சமாளித்து வந்தால்? மேலே இந்தச் சதவீதமும் சேரும்போது எல்லையைத் தாண்டிவிடும். இத்தனை நாள் மறைந்திருந்த கோளாறு வெளியே வரும்.

பழைய வண்டிகள் சிலவற்றில், 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் விளக்கம் அளித்தது. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்க உத்தரவிடக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ம் தேதி தள்ளுபடி செய்துவிட்டது. எனவே, பங்கில் கிடைக்கும் பெட்ரோலுக்கு வண்டியைத் தயாராக வைத்திருப்பதுதான் வழி.

கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

செலவில்லாத சோதனையில் இருந்து தொடங்குங்கள்.

1. கண்ணும் காதும்: இன்ஜின் ஓடும்போது 'உஸ்ஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம் வருகிறதா? ஏர் ஃபில்டர் பெட்டியில் இருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய், சின்னச் சின்ன வேக்குவம் ஹோஸ்கள், கிளாம்புகள், ஆயில் டிப்ஸ்டிக், ஆயில் மூடி எல்லாம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? ஹோஸைத் தொட்டுப் பார்ப்பது இன்ஜினை அணைத்து, ஆறிய பிறகுதான்.

2. ஏர் ஃபில்டர்: சிமெண்ட் ஆலையும் செம்மண் கரிசல் புழுதியும் உள்ள ஆலங்குளம் வட்டாரத்தில் இது முக்கியம். ஃபில்டர் சரியாகப் பொருந்தவில்லை என்றால் தூசி உள்ளே போய், காற்றை அளக்கும் 'மாஸ் ஏர் ஃப்ளோ' சென்சாரில் படியும். வரும் காற்றைக் குறைவாகக் கணக்கிட்டு, பெட்ரோலும் குறைவாகப் போகும். அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் சுத்தம் செய்தாலே பல நேரம் சரியாகிவிடும். துணியால் துடைக்கக் கூடாது.

3. ஃபியூயல் ட்ரிம்: 2013 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான பெட்ரோல் கார்களில் டேஷ்போர்டுக்குக் கீழே ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஸ்கேனரும் ஒரு செல்போனும் போதும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலிலும் 2,500 ஆர்.பி.எம்.மிலும் ட்ரிம் அளவைப் பாருங்கள்.

ஐடிலில் அதிகமாக இருந்து, ஆக்சிலேட்டர் கொடுத்தால் குறைகிறதா? எங்கோ காற்று கசிகிறது.

ஐடிலில் பரவாயில்லை, வேகத்திலும் மேட்டிலும் ஏறுகிறதா? பெட்ரோல் போதவில்லை. பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் அல்லது அழுக்கான ஏர் ஃப்ளோ சென்சார் மீது சந்தேகம்.

எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி அதிகமா? பெட்ரோல் பிரஷரையும் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் பைப்பில் உள்ள கசிவையும் பார்க்க வேண்டும். அந்தக் கசிவு வழியாக வெளிக்காற்று புகுந்தால் சென்சார் ஏமாந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: ஏர் ஃப்ளோ சென்சாருக்குப் பதில் 'மேப்' சென்சார் வைத்த சிறிய கார்களும் நிறைய உண்டு. அவற்றில் காற்றுக் கசிவு, லீன் கோடாக வராமல் ஐடில் வேகம் ஏறுவதாகவும் தெரியலாம்.

4. ஒர்க் ஷாப் சோதனை: புகை விட்டுக் கசிவைப் பார்க்கும் 'ஸ்மோக் டெஸ்ட்', ஃபியூயல் பிரஷர் டெஸ்ட். இவற்றையும் முடித்த பிறகே ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது பற்றிப் பேச வேண்டும்.

கேஸ் கிட் போட்ட காரா? பெட்ரோலில் சரியாக ஓடி, கேஸில் மட்டும் லீன் காட்டினால் கோளாறு கிட்டின் டியூனிங்கில் இருக்கலாம்.

பழைய கார்புரேட்டர் பைக்குக்கு?

விளக்கும் கிடையாது, ஸ்கேனரும் கிடையாது. ஆனால் சோக் இருக்கிறது. சூடான இன்ஜினிலும் சோக் இழுத்தால்தான் வண்டி ஒழுங்காக ஓடுகிறது என்றால் மிக்சர் லீன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை வெள்ளையாக இருக்கும். கார்புரேட்டர் ஜெட் அடைப்பையும், கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பரில் விரிசலையும் முதலில் பாருங்கள்.

இதைச் செய்யவே கூடாது

கசிவைக் கண்டுபிடிக்க, ஓடும் இன்ஜின் மீது பெட்ரோலையோ கார்புரேட்டர் கிளீனரையோ அடிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. சூடான சைலன்சர் பட்டால் தீப்பிடிக்கும். பட்டாசுக் கடை, குடோன், ஆலை பக்கத்தில் இந்த வேலையை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது.

விளக்கு எரியாமல் மின்னி மின்னி அணைந்தால், பெட்ரோல் எரியாமல் சைலன்சருக்குப் போகிறது என்று அர்த்தம். அது கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து, கன்வெர்ட்டர் கடுமையாகச் சூடாகும். காய்ந்த புல் மீது அப்படி நிறுத்திய வண்டிக்கு அடியில் தீப்பிடிக்கலாம். உடனே ஓரமாக, புல் இல்லாத இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். பெட்ரோல் வாடை வந்தாலும் அதேதான்.

விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி ஒர்க் ஷாப் போகலாம். ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். லீனாகவே ஓடும் இன்ஜினில் வால்வும் பிஸ்டனும் அடிவாங்கும் ஆபத்து உண்டு. நூறு ரூபாய் ஹோஸில் முடிய வேண்டிய வேலை, இன்ஜினைப் பிரிக்கும் வேலையாகிவிடும்.

அடுத்த முறை "சென்சார் மாத்தணும்" என்று சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐடில்ல ட்ரிம் எவ்வளவு, 2,500-ல எவ்வளவு அண்ணே?" பதில் வந்த பிறகு பர்ஸைத் திறந்தால் போதும்.