நகரங்களின் நடை – 9: குரிடிபாவின் கண்ணாடிக் குழாய்கள்

குரிடிபாவில் பேருந்து நிறுத்தம் என்பது படுக்கவைத்த ஒரு கண்ணாடிக் குழாய். எஃகு வளையங்களைச் சுற்றி வளைந்த கண்ணாடி. உள்ளே, பேருந்தின் தளம் எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் ஒரு நடைமேடை. ஒரு முனையில் சில படிகள், பக்கத்திலேயே சக்கர நாற்காலிக்கான சிறு மின்தூக்கி. ஏறியதும் சுழல்தடுப்பு, அதன் அருகே கட்டணம் வாங்குபவர் உட்கார்ந்திருப்பார். காசு கொடுக்கும் வேலை அங்கேயே முடிந்துவிடும். பேருந்து குழாயை ஒட்டி வந்து நிற்கும்போது அதன் கதவுகள் குழாயின் கதவுகளுக்கு நேராக அமையும். இரண்டும் திறக்க, பேருந்திலிருந்து ஒரு தகடு இறங்கி நடைமேடைமேல் படியும். ஏறவும் இறங்கவும் படிக்கட்டு கிடையாது, சீட்டுக்காக யாரையும் தேட வேண்டியதில்லை. எல்லாக் கதவுகளிலும் ஒரே சமயத்தில் ஆட்கள் ஏறி இறங்க, வண்டி கிளம்பிவிடும்.

இதில் மிச்சமாகும் நேரத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரே கதவில் படியேறி, சீட்டு வாங்கி உள்ளே போக ஒருவருக்கு 3 நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 20 பேர் ஏறும் நிறுத்தத்தில் 1 நிமிடம் போகும். அப்படி 30 நிறுத்தங்கள் இருந்தால், பேருந்து அரை மணி நேரம் நின்றே கழிக்கிறது. என்ஜினை மாற்றினாலும் சாலையை அகலப்படுத்தினாலும் அந்த அரை மணி அப்படியேதான் இருக்கும். குரிடிபா பேருந்துகள் உலகப் பெயர் வாங்கியதற்குக் காரணமாகப் பலரும் தனிப்பாதையைச் சொல்வார்கள். தனிப்பாதை வேறு ஊர்களிலும் இருந்தது. நிறுத்தத்தையும் முனையத்தையும் பேருந்துக்கு இணையாக மதித்து வடிவமைத்ததுதான் இந்த ஊரின் தனித்தன்மை.

பிரேசிலின் தெற்கே, பரானா மாநிலத்தின் தலைநகர் குரிடிபா. ஏறத்தாழ 930 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுநிலம். குளிர்காலத்தில் உறைபனி படியும். 1960இல் நாலு லட்சத்தைத் தொடாத மக்கள்தொகை, 1970இல் ஆறு லட்சத்தைத் தாண்டியது. 2022 கணக்கெடுப்பின்படி 17.7 லட்சம், சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்தால் 35 லட்சத்துக்கு மேல்.

நகரத்துக்கு முதலில் திட்டம் போட்டவர் பிரெஞ்சுக்காரரான ஆல்ஃபிரெட் அகாஷ், 1943இல். நடுவில் மையம், அதைச் சுற்றி வட்டச் சாலைகள், மையத்தை நோக்கிப் பாயும் அகலமான சாலைகள் என்பது அவர் வரைபடம். அதில் ஒரு பகுதிதான் நிறைவேறியது. 1965இல் ஜோர்ஜி வில்ஹெய்ம் தலைமையில் தயாரான திட்டம் வேறு வழியில் யோசித்தது. நகரம் எல்லாப் பக்கமும் வட்டமாக வீங்குவதை விட்டு, சில நேர்கோடுகளின் வழியே நீண்டு வளரட்டும் என்றது. அதை நிறைவேற்ற அதே ஆண்டில் இப்புக் என்ற நகரத் திட்ட ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. மேயர்கள் மாறினாலும் திட்டத்தைக் கையில் வைத்திருந்தது இந்த நிறுவனம்தான்.

அங்கிருந்து வந்தவர் கட்டடக் கலைஞர் ஜைமே லெர்னர். 1971இல் மேயரானபோது அவருக்கு வயது 33. தேர்தலில் வென்று வந்தவரல்ல. பிரேசிலில் ராணுவ ஆட்சி நடந்த காலம், மாநிலத் தலைநகர்களின் மேயர்கள் நியமிக்கப்பட்டார்கள். குரிடிபாவைப் புகழ்பவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. கடைக்காரர்களின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் 1972இல் நகரின் முக்கியக் கடைவீதியை ஒரே வார இறுதியில் நடைபாதையாக மாற்ற முடிந்ததற்கு அந்த அதிகாரமும் ஒரு காரணம். 1988இல் அவர் மக்கள் வாக்கில் வென்றே மேயரானார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சுரங்க ரயிலுக்கு நகராட்சியிடம் பணம் இல்லை. ஆகவே ரயிலுக்கு உரிய குணங்களைப் பேருந்துக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று லெர்னர் குழு முடிவெடுத்தது. முதல் தேவை, குறுக்கே எதுவும் வராத பாதை. புதிதாக ராட்சதச் சாலை வெட்டாமல், ஏற்கெனவே இணையாக ஓடிய மூன்று தெருக்களை ஒரு தொகுப்பாக எடுத்துக்கொண்டார்கள். நடுத்தெருவின் மையத்தில் போக ஒன்று, வர ஒன்று எனப் பேருந்துக்கு மட்டும் இரண்டு பாதைகள். அவற்றின் இருபுறமும் மெதுவாகப் போகும் உள்ளூர் வண்டிகள். ஒரு பிளாக் தள்ளி இந்தப் பக்கம் ஊருக்குள் வரும் ஒருவழிச் சாலை, அந்தப் பக்கம் ஊரிலிருந்து போகும் ஒருவழிச் சாலை. விரைந்து போகும் கார்கள் அவற்றில் போகும். வீடுகளை இடித்து ஐம்பது மீட்டர் அகலத்துக்குச் சாலை போடும் செலவும் பகையும் இதனால் தவிர்ந்தன.

நிலச் சட்டமும் கூடவே மாறியது. அச்சுகள் எனப்பட்ட இந்தச் சாலைத் தொகுப்புகளை ஒட்டிய மனைகளில் உயரமான அடுக்குமாடிகளுக்கு அனுமதி; தள்ளிப்போகப் போக அனுமதிக்கும் உயரம் குறைந்துகொண்டே வரும். இன்றும் வானிலிருந்து பார்த்தால் மையத்திலிருந்து நாலு திசையிலும் தென்கிழக்கிலும் நீளும் ஐந்து அச்சுகளின் மேலும் கட்டடங்கள் வரிசையாக எழுந்து நிற்பதும், இடையில் தாழ்ந்த வீடுகள் பரவியிருப்பதும் தெரியும். பேருந்துக்கு ஆள் வேண்டும், ஆளுக்குப் பேருந்து வேண்டும்; இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டார்கள். இதில் ஒரு குறையும் உண்டு. அச்சுகளில் நில விலை ஏற, பேருந்தையே நம்பிய ஏழைகள் தொலைவான புறப்பகுதிகளில் குடியேற நேர்ந்தது.

முதல் விரைவுப் பேருந்து 1974 செப்டம்பர் 22 அன்று வடக்கு–தெற்கு அச்சில் ஓடியது. 1977இல் தென்கிழக்கே பொகேய்ரோன் அச்சு, 1980இல் கிழக்கு–மேற்கு அச்சு. தனிப்பாதையில் நேராக ஓடும் பேருந்து வேகமாகப் போகும், ஆனால் எல்லார் வீட்டு வாசலுக்கும் போகாது. அந்த இடைவெளியை நிரப்பியவை முனையங்கள். சாந்தா கந்திதா, கப்ரால், போர்த்தோன், பின்யெய்ரின்யோ என்று அச்சுகளின் கடைசியிலும் நடுநடுவேயும் முனையங்கள் எழுந்தன. அச்சுக்கு எட்டாத குடியிருப்புகளைச் சுற்றிவரும் சிறு இணைப்புப் பேருந்துகள் மக்களை அங்கே கொண்டுவந்து விடும். முனையம் வேலி சூழ்ந்த வளாகம். உள்ளே வந்தவர் மறுபடி காசு கொடுக்காமல் எதிர் நடைமேடையில் நிற்கும் விரைவுப் பேருந்தில் ஏறலாம். முனையம் என்றால் ஊரின் எல்லாப் பேருந்துகளும் ஒரே இடத்தில் வந்து நெருக்கியடித்து நிற்கும் மைதானம் என்று பழகிய கண்ணுக்கு இந்த முனையங்கள் சிறியவையாகத் தெரியும். ஒரு பெரிய நிலையத்தைக் கட்டாமல் பலவாகப் பிரித்து ஊரின் விளிம்புவரை பரப்பியதால்தான் மையத்தில் நெரிசல் சேரவில்லை.

1980இல் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம் என்றானது. ஸ்டேஜ் கணக்கு ஒழிந்தது. மையத்துக்கு அருகே குறுந்தூரம் போகிறவர் கொடுப்பதில் ஒரு பங்கு, விளிம்பில் வாழும் ஏழைத் தொழிலாளியின் நெடுந்தூரப் பயணத்துக்குப் போய்ச் சேர்கிறது. நில விலையால் வெளியே தள்ளப்பட்டவர்களுக்குக் கிடைத்த ஓரளவு ஈடு இது.

பேருந்துகளுக்கு நிறம் அடையாளம். அச்சில் ஓடும் விரைவுப் பேருந்து சிவப்பு, இணைப்புப் பேருந்து ஆரஞ்சு, மையத்துக்குப் போகாமல் புறப்பகுதிகளைச் சுற்றி இணைப்பது பச்சை, பழைய பாணி வழித்தடங்கள் மஞ்சள். எழுத்து தெரியாதவரும் எதில் ஏறினால் எப்படிப்பட்ட இடத்துக்குப் போகலாம் என்று அறிந்துகொள்வார். 1995 முதல் முனையங்களை ஒட்டியே நகராட்சியின் சேவை வளாகங்களும் வந்தன. வரி கட்டவும் விண்ணப்பம் கொடுக்கவும் மையத்துக்குப் போக வேண்டிய பயணங்கள் குறைந்தன. ஒரு பயணத்தை வேகமாக்குவதைவிட அதைத் தேவையில்லாமல் செய்வது மலிவு.

குழாய் வந்தது இவற்றுக்கெல்லாம் பிறகு, 1991இல். லெர்னர் மூன்றாம் முறை மேயராக இருந்த நேரம். அச்சுகளில் கூட்டம் நிரம்பி வழிந்தது. சாதாரணச் சாலைகளில், சராசரியாக 3 கிலோமீட்டருக்கு ஒருமுறை மட்டும் நிற்கும் நேரடிப் பேருந்துகளை விட்டார்கள். வெள்ளிச் சாம்பல் நிறம். லிஜெய்ரின்யோ என்று பெயர். சென்னையில் எல்.எஸ்.எஸ். என்று அறியப்பட்ட வகைதான், ஆனால் நிறுத்தம் வேறு. சில இடங்களில் மட்டும் நிற்பதால் மிச்சமாகும் நேரத்தை ஒவ்வொரு நிறுத்தத்திலும் சேரும் கூட்டமே தின்றுவிடக் கூடாது என்றுதான் லெர்னரும் அவருடைய கட்டடக் கலைஞர்களும் குழாய் நிலையத்தைக் கொண்டுவந்தார்கள். கட்டணம் கொடுத்து உள்ளே வந்தவர்கள் வேறு வழித்தடத்துக்கு மாறவும் முடியும் என்பதால், குழாய் ஒவ்வொன்றும் ஒரு குட்டி முனையம் ஆனது.

அடுத்த ஆண்டே குழாய்கள் அச்சுச் சாலைகளுக்கும் வந்தன. 1992இல் பொகேய்ரோன் அச்சில், இரண்டு இடங்களில் வளையும் மூன்று பெட்டிப் பேருந்து ஓடத் தொடங்கியது. சென்னையில் ஒரு காலத்தில் ஓடிய வெஸ்டிபியூல் பஸ்ஸுக்கு இன்னொரு பெட்டியைக் கோத்தது போன்ற உருவம். நீளம் 25 மீட்டர், கதவுகள் ஐந்து, கொள்ளளவு 270 பேர் என்று அறிவிக்கப்பட்டது. வண்டியைத் தயாரித்த வோல்வோவுக்குக் குரிடிபாவிலேயே தொழிற்சாலை இருந்தது வசதியாகப் போயிற்று. குழாய் இல்லாமல் இந்தப் பேருந்துக்கு அர்த்தம் இல்லை. 270 பேர் கொள்ளும் வண்டியில் ஒருவர் ஒருவராகச் சீட்டு கொடுத்து மாளாது.

பேருந்துகளை ஓட்டுவது தனியார் நிறுவனங்கள். வழித்தடமும் கால அட்டவணையும் வகுப்பது உர்ப்ஸ் என்ற நகராட்சி நிறுவனம். 1980களின் பிற்பகுதியிலிருந்து, கட்டண வசூல் பொது நிதிக்குப் போனது. பேருந்து ஓட்டும் நிறுவனங்களுக்கு ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்பப் பணம் கொடுக்கப்பட்டது. ஒரே வழித்தடத்தில் இரண்டு தனியார் பேருந்துகள் முந்தியா பிந்தியா என்று விரட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஆள் பிடிக்கும் போட்டிக்கு அங்கே வேலையில்லை. ஆளில்லாத ஆரஞ்சுத் தடத்தையும் கைவிடத் தோன்றாது.

ஒரு விஷயத்தில் குரிடிபா கோட்டைவிட்டது. தனிப்பாதை ஒரு திசைக்கு ஒன்றுதான். முன்னால் ஒரு பேருந்து குழாயருகே நின்றால் பின்னால் வருவதும் நிற்க வேண்டும். எல்லா நிறுத்தத்திலும் நிற்கும் வண்டிக்குப் பின்னால் எக்ஸ்பிரஸ் விட்டு என்ன பயன்? என்ரிக்கே பெனலோசா மேயராக இருந்தபோது, 2000 டிசம்பரில் தொடங்கிய கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவின் டிரான்ஸ்மிலேனியோ, குரிடிபாவிடம் பாடம் கற்றும் இந்த இடத்தில் குருவை மிஞ்சியது. நிலையங்களின் அருகே முந்திச் செல்லும் பாதையையும் சேர்த்தே கட்டினார்கள். குரிடிபா பின்னால் விழித்தது. பழைய தேசிய நெடுஞ்சாலையை நகரச் சாலையாக்கி 2009இல் திறந்த பசுமைத் தடத்தில் முந்தும் பாதை வைத்தார்கள். பொகேய்ரோன் அச்சில் எதிரெதிரே இருந்த குழாய்களை முன்னும் பின்னுமாகத் தள்ளிவைத்து, நின்ற பேருந்தை மற்றொன்று கடக்க இடம் பண்ணினார்கள். அங்கே சில நிலையங்களில் மட்டும் நிற்கும் பெரிய விரைவுப் பேருந்து வந்தது. 2011இல் அதற்கு 28 மீட்டர் நீளமுள்ள நீல நிற வண்டிகள் சேர்ந்தன.

இந்தியாவில் இந்தப் பாடம் இரண்டு விதமாகப் படிக்கப்பட்டது. டெல்லி 2008இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குத் தனிப்பாதை போட்டது. ஆனால் நிறுத்தங்கள் திறந்தவையாகவே இருந்தன, சீட்டு வண்டிக்குள்ளேயே கொடுக்கப்பட்டது. கார்க்காரர்களின் கோபமும் சேர, 2016இல் பாதை அகற்றப்பட்டது. 2009 அக்டோபரில் தொடங்கிய அகமதாபாத்தின் ஜன்மார்க், சாலை நடுவே மூடிய நிலையங்கள், வாசலிலேயே சீட்டு, தளத்துக்குச் சமமான நடைமேடை என்று குரிடிபா வழியில் போனது. அது இன்றும் ஓடுகிறது.

குழாய்க்குள் எல்லாம் சுகம் என்றில்லை. கோடையில் கண்ணாடிக்குள் வெப்பம் தேங்கும். குளிர்காலத்தில் நாள் முழுக்க உள்ளே உட்கார்ந்திருக்கும் கட்டணப் பணியாளருக்குக் காற்று உறைக்கும். உச்ச நேரத்தில் வரிசை குழாய்க்கு வெளியே நடைபாதைவரை நீளும். பெருங்கதை வேறு: நகரத்தின் வருமானம் ஏற ஏறக் கார்கள் பெருகின, பேருந்துப் பயணிகள் குறைந்தனர். பிரேசிலின் மாநிலத் தலைநகரங்களில் ஆள்வீதம் கார் மிகுந்தவற்றுள் குரிடிபாவும் ஒன்று. கட்டணச் செலவை யார் ஏற்பது என்று நகராட்சிக்கும் மாநில அரசுக்கும் எழுந்த பிணக்கில், 2015இல் பக்கத்து ஊர்களின் வழித்தட நிர்வாகம் நகரிலிருந்து பிரிந்தது.

மெட்ரோ ரயில் ஆசையும் விடவில்லை. வடக்கு–தெற்கு அச்சின் அடியில் சுரங்கம் தோண்டும் திட்டத்துக்கு 2011இல் மத்திய அரசு நிதி அறிவித்தது. திட்டம் தாளிலேயே நின்றுவிட்டது. 2018இல் அந்த அச்சின் வடபாதியில், குழாய்களை இடம் மாற்றி முந்தும் வழி உண்டாக்கிய பிறகு, நீலப் பேருந்து ஓடத் தொடங்கியது.