காடு பூத்தால் குதிரைக்கு நல்லது

குதிரைகளின் நலத்துக்கும் காட்டில் பூக்கும் யூகலிப்டஸ் மரத்துக்கும் என்ன உறவு, தெரியுமா?

1994-இல் பிரிஸ்பனின் ஹெண்ட்ரா பகுதியில் குதிரைகள் திடீரென மடிந்தன. அவற்றின் பயிற்சியாளரும் இறந்துபோனார். அவர்களைத் தாக்கிய கிருமி பழந்தின்னி வௌவால்களிடமிருந்து வந்தது. வௌவாலைத் திட்டாதீர்கள், பாவம்! குளிர்காலத்தில் அது தேன் குடிக்கும் யூகலிப்டஸ் காடுகளை நாம் வெட்ட வெட்ட, பசியோடு குதிரை மேயும் இடத்து மரங்களைத் தேடி வருகிறது. அதன் சிறுநீர் பட்ட புல்லிலிருந்து குதிரைக்குத் தொற்றுகிறது; குதிரையிடமிருந்து மனிதருக்கும்.

ஆராய்ச்சியாளர்கள் கண்டது இன்னும் அழகு. மிச்சமிருக்கும் காடுகள் குளிர்காலத்தில் நன்றாகப் பூத்தபோது, வௌவால்கள் அங்கே போய்விட்டன. அந்தக் குளிர்காலங்களில் அந்த வட்டாரத்துக் குதிரைகளுக்கு இந்த நோய் தொற்றவே இல்லை!