ரத்தம் சொல்லும் சேதி

அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியை அறியாத மயிலாப்பூர்க் குடும்பம் உண்டா? 1923-ல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல வருஷம் பாடுபட்டு, 1954-ல் 12 படுக்கைகளோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. சிகிச்சை பலிக்கிறதா என்று அந்தக் காலத்தில் கையால் தொட்டும் எக்ஸ்ரேயில் பார்த்தும்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டி மறைந்தால் வியாதி தீர்ந்தது என்று கணக்கு.

கடல் கடந்து அமெரிக்காவில் அந்தக் கணக்கையே புரட்டிப் போட்டார் ஒருவர். மின் சியூ லி என்ற சீன டாக்டர். நஞ்சுக்கொடித் திசுவில் முளைக்கும் ஒருவகைப் புற்றுநோய் உண்டு. இளம் பெண்களை வாரிக்கொண்டு போன நோய். 1956-ல் அதற்கு அவர் மருந்து கொடுத்தார். நுரையீரலில் பரவியிருந்த கட்டிகள் எக்ஸ்ரேயில் மறைந்தே போயின! ஆனால், கர்ப்பிணிகளிடம் மட்டுமே இருக்க வேண்டிய ஒரு ஹார்மோன் அந்தப் பெண்களின் சிறுநீரில் இன்னும் தென்பட்டது. நோய் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று லி மருந்தை நிறுத்த மறுத்தார். கண்ணுக்குத் தெரியாத நோய்க்கு விஷ மருந்தா என்று மேலிடத்தில் கோபம்; வேலை போயிற்று. பிறகு என்ன நடந்தது? ஹார்மோன் அடியோடு மறையும்வரை மருந்து பெற்றவர்கள் பிழைத்தார்கள். பாதியில் நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பியது. 1972-ல் லாஸ்கர் பரிசு லியைத் தேடி வந்தது. பரிசு தருவதற்கு மட்டும் உலகம் எப்போதும் சாவகாசம்தான்!

இன்று இப்படிப்பட்ட அடையாளப் பொருள்கள் பல உண்டு. சினைப்பைப் புற்றுநோய்க்கு 'சி.ஏ. 125' என்று ரத்தப் பரிசோதனை. 1981-ல் டாக்டர் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் கண்டுபிடித்தது. 35 யூனிட்டுக்குள் இருந்தால் சாதாரணம் என்பார்கள். ஆயிரத்தில் இருந்தது மருந்து ஏற ஏற நூறாகி, இருபதாகி இறங்கினால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். இறங்காவிட்டால் டாக்டர் வேறு மருந்தை யோசிப்பார். வீணான வாந்தியும் செலவும் மிச்சம்.

அதற்காக, சுகமாயிருக்கிறவர்கள் இந்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். மாதவிலக்கிலும், கர்ப்பத்திலும், வயிற்று டி.பி.யிலும்கூட இது ஏறும். நோய் இருந்தும் ஏறாதவர்களும் உண்டு. ஆகவேதான் டாக்டர்கள் ஸ்கானையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். எதிர்வீட்டு மாமியின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டுக் கலங்குவதில் பயனில்லை. உங்களுடைய போன மாத எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

அதிலும் ஒரு சங்கதி: ஒரு மாதம் தி.நகரிலும் மறு மாதம் மயிலாப்பூரிலும் சோதித்தால், முறை மாறுவதால் எண்ணும் மாறக்கூடும். ஒரே லாபரட்டரிக்குப் போங்கள். பால் கணக்கு எழுதுகிற மாதிரி, தேதியும் எண்ணும் ஒரு நோட்டில் எழுதி, டாக்டரிடம் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள்.